இலவச மாத்திரையின் விலை

நம் மாவட்டத் தலைநகரின் பேருந்து நிலையத்துக்கு வந்து போகிறவர்கள் அந்த அக்காவைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். கட்டணக் கழிப்பறைக்கும் நேரக் காப்பாளர் அறைக்கும் நடுவில் சுவரோரமாக உட்கார்ந்திருப்பார். வெயில் காலத்திலும் இரண்டு சேலை, அதற்கு மேல் ஓர் ஆம்பளைச் சட்டை. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் சாக்கு. டீக்கடைக்காரர் காலையில் ஒரு டீ கொடுப்பார். மற்றவர்களுக்குக் கண்ணாடி டம்ளர். அக்காவுக்குக் காகிதக் குவளை. அதையும் கையில் தரமாட்டார். தரையில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வார். இரட்டைக் குவளையை எதிர்த்து அதே பேருந்து நிலையச் சுவரில் நாங்கள் போஸ்டர் ஒட்டியிருக்கிறோம். அந்தக் காகிதக் குவளையும் இரட்டைக் குவளைதான் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

ஐப்பசி மாதத்தில் ஒரு மழை இரவு. கூட்டம் முடித்துவிட்டுக் கடைசிப் பேருந்துக்காக நின்றிருந்தோம். மழைக்கு ஒதுங்கிய கூட்டம் அக்காவை அவர் இடத்திலிருந்து தள்ளிவிட்டிருந்தது. அவர் மழையிலேயே உட்கார்ந்திருந்தார். உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. எங்களோடு இருந்த கல்லூரி மாணவி ஒருவர் கேட்டார்: "தோழர், தினமும் பாக்குறோம். நாமளும் இப்படியே பாத்துட்டுப் போயிடறதா?"

யாரிடமும் பதில் இல்லை. கடைசிப் பேருந்தை விட்டுவிட்டோம்.

அன்றிலிருந்து இன்றுவரை நடந்ததை இங்கே சொல்கிறோம். அக்காவின் பெயரையும் ஊரையும் சொல்லப்போவதில்லை. அது அவர் எங்களிடம் வாங்கிய வாக்கு.

மூன்று வாசல்கள்

முதலில் காவல் நிலையம். "இது ஆஸ்பத்திரி வேலைங்க, ஆம்புலன்ஸுக்குப் போன் போடுங்க" என்றார்கள். ஆம்புலன்ஸ் வந்தது. "போலீஸ் இல்லாம இந்த மாதிரி கேஸை ஏத்த மாட்டோம்" என்றார்கள். ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போனோம். "அட்டெண்டர் யாரு? ஆதார் எங்க?" என்று கேட்டார்கள். மூன்று வாசலிலும் அக்காவின் உடம்புக்கு என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. அவருக்குப் பொறுப்பு யார் என்பதுதான் எல்லோருடைய கேள்வியும்.

திரும்பவும் காவல் நிலையத்துக்கே வந்தோம். எங்களில் ஒருவர் வழக்கறிஞர். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-ஆவது பிரிவைக் கைப்பேசியில் எடுத்து அதிகாரியிடம் நீட்டினார். அவர் இரண்டு முறை படித்தார். பிறகு, "இது எனக்கே தெரியாதுங்க" என்றார். அந்த நேர்மைக்கு நன்றி சொல்ல வேண்டும். ஒரு பெண் காவலரை எங்களோடு அனுப்பினார். அந்தக் காவலர் வழியில் பன்னும் பாலும் வாங்கி அக்காவின் கையில் கொடுத்தார். தரையில் வைக்கவில்லை.

அந்தப் பிரிவு சொல்வது இதுதான். மனநலம் பாதிக்கப்பட்டு, தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாமல் அலைகிறவரைப் பாதுகாப்பில் எடுத்துக்கொள்வது காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியின் கடமை. 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. அவர் வீடற்றவர் என்றால், காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். இதில் எதுவும் இரக்கப்பட்டுச் செய்யும் காரியம் அல்ல. சட்டம் விதித்த கடமை. மாணவர்கள் இந்த எண்ணை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்: பிரிவு 100.

"ஊருல தேடாதீங்க"

அக்காவுக்கு இருந்தது மனச்சிதைவு நோய். காதில் குரல்கள் கேட்கும். யாரோ பின்தொடர்வதாக, சாப்பாட்டில் ஏதோ கலப்பதாகத் தோன்றும். அது நோயாளியின் கற்பனை என்று நமக்குத் தெரியும்; அவருக்கு அது நம் பேச்சைப் போலவே நிஜமாகக் கேட்கும். இந்த நோய்க்கு மருந்து இருக்கிறது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் போலத் தொடர்ந்து எடுக்க வேண்டும். தினமும் மாத்திரை விழுங்க முடியாதவர்களுக்கு மாதத்துக்கு ஒருமுறை அல்லது இரு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசியும் இருக்கிறது.

மூன்றாவது வாரத்தில் அக்கா தூங்கத் தொடங்கினார். பிறகு பேசத் தொடங்கினார். மாணவிதான் பக்கத்தில் இருந்தார். "அக்கா, உங்க ஊரு எது?" என்று கேட்டதற்கு அக்கா சொன்ன பதிலை இன்றுவரை எங்களால் மறக்க முடியவில்லை.

"ஊரு பேரு சொன்னா ஊருக்குள்ள போய்த் தேடுவீங்க. அங்க ஒருத்தருக்கும் என்னத் தெரியாது. ரோட்டத் தாண்டி காலனில கேளுங்க."

நான்கு வருடம் தெருவில் கிடந்தவர். தன் பெயரையே மறந்திருந்தவர். சாலையின் எந்தப் பக்கத்தில் தன் வீடு என்பது மட்டும் அவருக்கு மறக்கவில்லை. சாதி கேட்டு நாங்கள் அவரைத் தூக்கவில்லை. ஆனால் அவர் கதையைக் கேட்கக் கேட்க, இதில் சாதிக்கு வேலை இல்லை என்று சொல்லிவிடவும் முடியவில்லை.

செங்கல் சூளையில் முன்பணம் வாங்கி வேலை செய்த குடும்பம். கணவர் இறந்துபோக, கடன் மட்டும் மிஞ்சியது. தூக்கம் போனது. பிறகு குரல்கள் வந்தன. வீட்டார் சும்மா இருக்கவில்லை. முனி அடித்துவிட்டது என்று உடுக்கை அடித்துப் பார்த்தார்கள். இரண்டு ஆடு விற்றார்கள். கம்மல் அடகுக்குப் போனது. வெகு தொலைவில் ஒரு வழிபாட்டுத் தலத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். அங்கே காலில் கயிறு கட்டினார்கள். ஒரு நாள் கயிறு அவிழ்ந்தது. அக்கா நடந்தார். நான்கு வருடம்.

சூளையில் சேற்றை மிதித்துக் கொண்டிருந்த பெண்ணுக்குத் தூக்கம் போனபோது அது நோய் என்று சொல்ல அருகில் ஒருவரும் இல்லை. வசதியுள்ள வீட்டில் இதே அறிகுறி வந்தால் அதற்கு 'டிப்ரஷன்', 'ஸ்ட்ரெஸ்' என்று பெயர். நகரத்தில் மருத்துவர் இருப்பார், வாசலில் கார் நிற்கும், வெளியே ஒருவருக்கும் தெரியாது. நம் தெருவில் வந்தால் 'கிறுக்கு' என்று பெயர், தெருவுக்கே தெரியும். ஒரே நோய்தான், பெயர் மட்டும் வீட்டைப் பார்த்து மாறுகிறது. இறைவனையே பித்தன் என்று விளித்துப் பாடிய சுந்தரரைக் கொண்ட மொழி நம்முடையது. அந்த மொழியில்தான் 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்பது வசவாகவும் இருக்கிறது.

கீழ்ப்பாக்கமும் ஏர்வாடியும்

கீழ்ப்பாக்கம் எப்படி வசவானது? கம்பெனி ஆட்சியில் 1794-இல் மதராசில் மனநோயர் காப்பகம் தொடங்கப்பட்டது. 1871-இல் அது கீழ்ப்பாக்கத்துக்கு இடம் மாறியது. இன்றைய அரசு மனநலக் காப்பகத்தின் மூலம் அதுதான். ஊரை நோயாளியிடமிருந்து காப்பாற்ற வேண்டும், அதற்கு மதில் வேண்டும் என்பதே அன்றைய எண்ணம். 1912-இல் வந்த சட்டத்தின் பெயரிலேயே 'பைத்தியம்' என்ற சொல் இருந்தது. 1987-இல்தான் அந்தச் சட்டத்தின் இடத்தில் வேறொன்று வந்தது. சிகிச்சையை நோயாளியின் உரிமையாக வைத்தது 2017-ஆம் ஆண்டுச் சட்டம். அது 2018-இல் நடைமுறைக்கு வந்தது.

இடையில் ஏர்வாடி. 2001 ஆகஸ்டு 6 அன்று விடியற்காலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநோயர் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்துபோனார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. உரிமம் இல்லாத காப்பகங்கள் மூடப்பட்டன. இன்றைய சட்டத்தின் 95-ஆவது பிரிவு மனநோயரை எந்த விதத்திலும் சங்கிலியிடக் கூடாது என்கிறது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் 28 உயிர்கள் இருக்கின்றன.

ஏர்வாடி தர்காவுக்கும் குணசீலம் பெருமாள் கோயிலுக்கும் இன்றும் சனம் போகிறது. அவர்களை மூடநம்பிக்கைக்காரர்கள் என்று மேடையில் திட்டுவது எளிது. நாங்களும் திட்டியிருக்கிறோம். அக்காவின் அண்ணனிடம் ஏன் அங்கே கொண்டுபோனீர்கள் என்று கேட்டபோது அவர் சொன்னார்: "அங்கதாங்க ஆதார் கேக்கல. அட்டெண்டர் எங்கன்னு கேக்கல. ஒரு வேளை சோறும் போட்டாங்க." அரசு மருத்துவமனையின் கதவு திறந்திருந்தால் அந்தக் குடும்பம் அவ்வளவு தூரம் போயிருக்குமா என்று நாம்தான் யோசிக்க வேண்டும்.

தேசிய மனநலக் கணக்கெடுப்பு 2015-16-இல் 12 மாநிலங்களில் நடந்தது. தமிழ்நாடும் அதில் ஒன்று. வயது வந்தோரில் 100-க்கு 10-க்கும் மேற்பட்டோருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருந்தது. நோயின் வகையைப் பொறுத்து, பாதிக்கப்பட்டவர்களில் 100-க்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சையே பெறவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நாட்டில் வீடற்றவர்கள் 17 இலட்சத்துக்கும் மேல் என்று எண்ணியது. எண்ணும் ஆள் வரும்போது வேறு இடத்துக்கு நடந்துவிட்டவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை. அக்கா அப்படிப்பட்டவர்.

தலையும் துடைப்பமும்

மருத்துவமனை உயிரைக் காப்பாற்றியது. அதை மறைக்க மாட்டோம். ஒரே மருத்துவர், வாசலைத் தாண்டி நின்ற வரிசை, அவ்வளவு நெருக்கடியிலும் அக்காவிடம் அவர் முகம் பார்த்துப் பேசினார். ஆனால் இரண்டாம் நாள் போனபோது அக்காவுக்கு மொட்டை அடித்திருந்தார்கள். "பேன், வேற வழியில்ல" என்றார்கள். தெளிந்த பிறகு அக்கா முதலில் தேடியது கண்ணாடியை அல்ல, முடியை. தலையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். கொஞ்சம் தேறியதும் அவர் கையில் துடைப்பம் வந்தது. வார்டில் நடமாடக்கூடிய பெண்கள் வேறு சிலரும் இருந்தார்கள். துடைப்பம் ஏன் இவரிடம் வந்தது என்று கேட்டோம். "அவங்களுக்குப் பழக்கம்தானே, நல்லாப் பெருக்குறாங்க" என்று சிரித்துக்கொண்டே பதில் வந்தது.

பழக்கம் என்ற சொல்லுக்கு நம் அகராதியில் என்ன பொருள் என்று இந்தப் பத்தியின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கட்டாயமாக மொட்டை அடிக்கக் கூடாது, விருப்பமின்றி வேலை வாங்கக் கூடாது, வேலை செய்தால் ஊதியம் தர வேண்டும், சொந்த உடை உடுத்த உரிமை உண்டு என்று சட்டத்தின் 20-ஆவது பிரிவு சொல்கிறது. சாதி, வர்க்கம், பாலினம் பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று 18-ஆவது பிரிவு பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. வறுமைக் கோட்டு அட்டை கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏழைகளுக்கும், ஆதரவற்றோருக்கும் வீடற்றோருக்கும் அரசு மனநல மருத்துவமனைகளில் சிகிச்சை முற்றிலும் இலவசம் என்கிறது. இந்த வரிகளை எடுத்துக் காட்டினோம். துடைப்பம் கையை விட்டுப் போனது. மொட்டைக்கு யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை.

இலவசத்தின் கணக்கு

இரண்டு மாதத்தில் அக்கா வீட்டுக்குத் திரும்பினார். அண்ணன், அண்ணி, இரண்டு பிள்ளைகள், ஒரு தொகுப்பு வீடு. அக்கா திரும்பி வருவார் என்று யாரும் நினைக்காததால் குடும்ப அட்டையிலிருந்து அவர் பெயர் எடுக்கப்பட்டிருந்தது. அட்டையில் பெயர் இல்லாததால் காப்பீட்டு அட்டை இல்லை. ஆதார் தொலைந்திருந்தது. நோய் தெளிய இரண்டு மாதம். பெயர் திரும்பச் சேர ஐந்து மாதம். அண்ணி ஒருநாள் எங்களிடம் சொன்னார்: "நாங்க வேணாம்னு சொல்லலீங்க. இவங்களப் பாத்துக்க ஒரு ஆள் வீட்ல இருந்தா அன்னிக்கு அடுப்பு எரியாது." அண்ணியைக் கல்நெஞ்சக்காரி என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

மாதம் ஒருமுறை ஊசிக்கு மாவட்டத் தலைநகருக்கு வர வேண்டும். மருந்து இலவசம். சரி, மீதியைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஊரிலிருந்து வட்டத் தலைநகர் வரை நகரப் பேருந்தில் அக்காவுக்குக் கட்டணம் இல்லை. அண்ணனுக்குப் போக வர 20 ரூபாய். அங்கிருந்து புறநகர்ப் பேருந்தில் இருவருக்கும் போக வர 180. டீ, சாப்பாடு 120. அண்ணனின் ஒரு நாள் கூலி 600. மொத்தம் 920 ரூபாய். வருடத்துக்கு 11 ஆயிரத்துக்கு மேல். இலவச ஊசியின் விலை இது.

கரும்பு வெட்டுக் காலம் வந்தது. கூலியை விட முடியாத இரண்டு மாதம் அண்ணன் வரவில்லை. ஊசி தவறியது. குரல்கள் திரும்பின. ஒரு நள்ளிரவில் அக்கா வீட்டை விட்டு இறங்கி ஏரிக்கரை மேல் நடந்துபோனார். தப்படித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த நம் பிள்ளைகள் பார்த்துக் கூட்டி வந்தார்கள். அவர்கள் அந்த வழியாக வராமல் இருந்திருந்தால் அக்காவைத் திரும்பவும் ஏதோ ஒரு பேருந்து நிலையத்தில் தேட வேண்டியிருந்திருக்கும், அல்லது ஏரியில்.

இதற்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது. மனநல சிகிச்சைக்காக நீண்ட தூரம் பயணம் செய்யும் நிலை யாருக்கும் வரக் கூடாது; வசிக்கும் இடத்துக்கு அருகிலேயே கிடைக்க வேண்டும். அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மனநோய் மருந்துகள் சமுதாய சுகாதார நிலையம் தொடங்கி அதற்கு மேலுள்ள அரசு மருத்துவமனைகளில் எக்காலமும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். மாவட்ட மனநலத் திட்டம் நாட்டில் 1996-இல் தொடங்கியதன் நோக்கமே மருத்துவரை மதிலுக்கு வெளியே கொண்டுவருவதுதான். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் ஆட்சியரிடம் மனு கொடுத்தோம். மூன்றாவது மனுவுக்குப் பலன் கிடைத்தது. இப்போது மாவட்ட மனநலக் குழு வட்டார மருத்துவமனைக்கு வரும் நாளில் அக்காவுக்கு அங்கேயே ஊசி. 920 ரூபாய் ஏறத்தாழ அரை நாள் கூலியாகக் குறைந்திருக்கிறது. ஊசி இருப்பில் இல்லாத நாளில் பழைய கணக்குதான்.

நாம் கேட்காத கோரிக்கை

கடைசியாக நம்மைப் பற்றி. சுடுகாட்டுப் பாதை கேட்டோம். பட்டா கேட்டோம். கோயில் நுழைவு கேட்டோம். வன்கொடுமையில் எரிந்த குடிசைக்கு இழப்பீடு கேட்டோம். எரிந்த இரவுக்குப் பிறகு தூங்காமல் கிடந்த பெண்ணுக்கு மனநல மருத்துவர் வேண்டும் என்று ஒரு மனுவிலாவது எழுதினோமா? எதிராளியைத் திட்ட 'பைத்தியக்காரன்' என்று மேடையில் சொல்லும்போது, கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு தாய்க்கு எப்படி இருக்கும் என்று யோசித்தோமா? தமிழகத்தில் ஐந்தில் ஒருவர் நாம். நோய் எல்லாச் சாதிக்கும் வரும். ஆனால் கடனும் அவமானமும் பசியும் சேர்ந்து அழுத்தும் இடத்தில் அது சீக்கிரம் வருகிறது, மருத்துவர் கடைசியில்தான் வருகிறார்.

எங்கள் கோரிக்கைகள் எளியவை. வட்டார மருத்துவமனையில் மருத்துவர் வரும் நாளும் மருந்து இருப்பும் வாசல் பலகையில் எழுதப்பட வேண்டும். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை கொண்டுவரும் பையில் மனநோய் மாத்திரைக்கும் எங்கும் இடம் வேண்டும். வீடற்ற மனநோயருக்கு அவசர சிகிச்சையும் மீட்பும் தரும் மையங்கள் சில மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் தொடங்கப்பட்டிருக்கின்றன. எல்லா மாவட்டத்திலும், எல்லா நாளும் அவை திறந்திருக்க வேண்டும். குணமானவரை, குடும்பம் ஏற்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது 19-ஆவது பிரிவு; அப்படிப்பட்டவர்களுக்குச் சமூகத்துக்குள் வாழ இல்லங்கள் வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கோ உங்கள் தெருவில் யாருக்கோ மனச் சோர்வு, தூக்கமின்மை, உயிரை விடும் எண்ணம் வந்தால் 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம், கட்டணமில்லை. தெருவில் அலைகிறவரைக் கண்டால் கல்லெறியும் பிள்ளைகளைத் தடுங்கள். பெயர் கேளுங்கள். காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

அக்காவுக்கு இப்போது முடி தோள் வரை வளர்ந்திருக்கிறது. நூறு நாள் வேலைக்குப் போகிறார். குரல் முழுதாகப் போகவில்லை. "தூரத்துல கேக்குது, கண்டுக்கறதில்ல" என்கிறார். இந்த மாதம் அண்ணன் மறுபடி கரும்பு வெட்டுக்குப் போய்விட்டார். வரும் செவ்வாய்க்கிழமை ஊசி நாள். அக்காவோடு மருத்துவமனைக்குப் போக நாங்கள் முறை வைத்திருக்கிறோம். இந்த முறை அன்று மழையில் கேள்வி கேட்ட மாணவி போகிறார். அட்டெண்டர் யார் என்று கேட்டால் சொல்லப் பதில் வைத்திருக்கிறார்: "நான்தாங்க, தங்கச்சி."